துரைராஜின் இடது கைப் பக்கம்

எங்கள் கட்டடத்தில் தினமும் காலை எட்டு பத்துக்கு ஒரு சண்டை நடக்கும். கேட்டைத் திறந்ததும் ஆரம்பித்து, நாலு வீடு தள்ளி இருக்கிற வேப்பமரத்தடியில் முடியும். சண்டை போடுபவர்கள் இரண்டே பேர். ஒருவர் முதல் மாடி துரைராஜ், வயது முப்பத்தெட்டு. இன்னொருவர் அவருடைய மகள் ஹர்ஷிதா, வயது ஐந்தரை. நான் அவர்களுக்கு நேர் மேலே, இரண்டாம் மாடியில் இருக்கிறேன். பெயர் பகவதி. மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் வேலை, ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம். எங்கள் ஆபீஸ் பஸ் எட்டரைக்கு வரும். பஸ் நிற்கிற இடம் அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வழியில் பாதி தூரத்தில் இருக்கிறது. ஆகவே சண்டையை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை பக்கத்திலேயே நடந்தபடி பார்க்கிற பாக்கியம் எனக்கு உண்டு.

எந்தக் கையைப் பிடித்துக்கொள்வது என்பதுதான் விவகாரம்.

குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் எங்கள் தெருவைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். தெருவின் இடது ஓரம் முழுக்க ஹாஸ்டல் பையன்களின் பைக்குகள், இட்லி வண்டிகள், தண்ணீர் டாங்கர். நடப்பதற்கு வலது ஓரம்தான் மிச்சம். வலது ஓரமாக நடந்தால் வண்டிகள் எல்லாம் நம் இடது தோளை உரசிக்கொண்டு எதிரே வரும். அதனால் துரைராஜ் பிள்ளைகள் இரண்டு பேரையும் சுவர்ப் பக்கம், அதாவது தன் வலது பக்கம் வைத்துக்கொள்ளப் பார்ப்பார். மூன்றாவது படிக்கிற பெரியவன் கௌஷிக் சொன்னபடி சுவரை ஒட்டி முன்னால் போய்விடுவான். ஹர்ஷிதா மாட்டாள். வலது கையிலிருந்து நழுவி, அப்பாவின் முதுகுப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய், இடது கையைப் பிடிப்பாள். அவர் இழுத்து வலது பக்கம் விடுவார். அவள் மறுபடி சுற்றுவாள்.

"ஏட்டி, அங்கன வண்டி வருது. இந்தப் பக்கம் வா."

"லேது, இக்கடே," என்பாள். அவள் தமிழில் எல்லாம் புரிந்துகொள்வாள், பதில் மட்டும் தெலுங்கில்தான். இல்லை, இங்கேதான் என்று அர்த்தம்.

கடைசியில் தோற்பவர் துரைராஜ்தான். அவளை இடது பக்கமே விட்டு, அவள் தோளைத் தன் இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு, எதிரே வருகிற பைக்குக்காரர்களை ஒருவர் விடாமல் முறைத்தபடி நடப்பார்.

எல்லோரும் அதை அடம் என்றார்கள். அவரும் அப்படித்தான் சொன்னார். எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. அடம் பிடிக்கிற பிள்ளை மிட்டாய்க்கு அடம் பிடிக்கும், நடக்க மாட்டேன், தூக்கு என்று அடம் பிடிக்கும். இடது கைக்கு எதற்கு அடம்? ஊர் விஷயத்தில் மூக்கை நுழைப்பது எனக்குப் பிறவிக் குணம், அதை நான் மறைப்பதில்லை. அந்தப் பக்கம் நாய்க்குட்டி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. ஒரு நாள் சாப்பாட்டுப் பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு என் வலது கையை அவளிடம் நீட்டினேன். அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் என்னையும் ஒரு அரைச் சுற்று சுற்றி, இடது பக்கம் வந்து பையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் என் கணவர் சுந்தரேசனிடம் இதைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "ஆபீஸ்ல உனக்கு வேலையே குடுக்கறதில்லையா?" என்று கேட்டார்.

துரைராஜ் கோவில்பட்டிக்காரர். வேதியியல் படித்துவிட்டு, இருபத்திரண்டு வயதில் ஜீடிமெட்லாவில் ஒரு மருந்து கம்பெனி இன்டர்வியூவுக்கு வந்தார். மறுநாளே ஊர் திரும்பிவிடலாம் என்று ஒரே ஒரு மாற்றுச் சட்டையோடு வந்தவரை அன்று மத்தியானமே வேலையில் உட்காரச் சொல்லிவிட்டார்களாம். அந்த இரண்டு சட்டையிலேயே ஒரு மாதத்தை ஓட்டியிருக்கிறார். ஐந்து தெலுங்குப் பையன்களோடு ஒரே அறை. ஆறு மாதத்தில் தெலுங்கு வந்துவிட்டது. முதலில் வசவு, பிறகு சமையல், கடைசியாக மரியாதை என்ற வரிசையில். பதினாறு வருஷமாக அதே ஜீடிமெட்லா, இப்போது மூன்றாவது கம்பெனி. அட்டையில் எழுதியிருக்கிற அளவு மருந்து மாத்திரைக்குள் இருக்கிறதா என்று சோதிக்கிற லேபில் வேலை. ஷிப்ட் மத்தியானம் இரண்டு மணிக்கு.

அவர் மனைவி ப்ரியா கொண்டாப்பூரில் ஒரு ஐடி கம்பெனியில் ஊழியர்களுக்குக் கார் ஏற்பாடு செய்கிற வேலை பார்க்கிறாள். காலை ஆறரைக்கே கிளம்பிவிடுவாள். ஆகவே தோசை ஊற்றுவது, காணாமல் போன சாக்ஸைத் தேடுவது, ரெட்டைப் பின்னல் போடுவது எல்லாம் துரைராஜ்தான். அந்தப் பின்னலின் வகிடைப் பார்க்க வேண்டும், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல இருக்கும். எப்படி என்று கேட்டால், "அளந்து பிரிச்சாப் போதும் மாமி, அம்புட்டுதான்," என்பார்.

பள்ளிக்கு ஆட்டோவில் அனுப்பலாம். பக்கத்துத் தெரு ஆட்டோ ஒன்றிலிருந்து பதினொரு பிள்ளைகள் இறங்குவதை ஒரு நாள் எண்ணிப் பார்த்துவிட்டு, கால்கள் இருக்கும்போது என்ன கவலை என்று முடிவு செய்துவிட்டார். ஒன்றேகால் கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்கு அவரிடம் ஒரு தொடர்கதை இருந்தது.

அவருடைய லேபில் ஒரு மெஷின். மருந்தைக் கரைத்து அதில் விட்டால், மெல்லிய இரும்புக் குழாய் ஒன்றுக்குள் ஓட்டப்பந்தயம் நடக்கும். உள்ளே இருக்கிற ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு வேகத்தில் ஓடும். வெளியே வரும்போது ஒவ்வொன்றும் திரையில் ஒரு மலையை வரைந்துவிட்டுப் போகும். எல்லா மலையும் தெரிந்த மலை. எப்போதாவது ஒரு குட்டி மலை, இருக்கக் கூடாத இடத்தில் எழும்பும். அவன்தான் கள்ளன். அவன் யார், எந்த வழியாக மருந்துக்குள் புகுந்தான் என்பதுதான் கதை. கள்ளன் ஒரு நாள் கழுவாத பாத்திரத்தில் ஒளிந்திருப்பான், ஒரு நாள் தண்ணீரிலேயே வந்திருப்பான். கௌஷிக் இங்கிலீஷில் துப்புக் கொடுப்பான். "அப்புடு ஏமைந்தி அப்பா?" என்று ஹர்ஷிதா தெலுங்கில் கேட்டுக்கொண்டே இருப்பாள். அப்புறம் என்ன ஆச்சு என்று எனக்கும் கேட்கத் தோன்றும். பஸ் வந்த பிறகும் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு கள்ளனுக்காக நின்றிருக்கிறேன்.

சங்கராந்தி லீவு முடிந்து பள்ளி திறந்த முதல் வாரத்தில் துரைராஜையும் ப்ரியாவையும் பள்ளியில் கூப்பிட்டு அனுப்பினார்கள். அந்தச் சனிக்கிழமை அவரைக் காய்கறிச் சந்தையில் பார்த்தேன். கத்திரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்க்காமல் நின்றிருந்தார்.

"பிள்ளை க்ளாஸ்ல எதுக்கும் திரும்ப மாட்டேங்காளாம் மாமி," என்றார். "பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் ஜன்னலைப் பாத்துக்கிட்டே இருக்காளாம். புக்கை எடுங்கன்னா மத்த பிள்ளைக எடுக்கதைப் பாத்துட்டுப் பொறவுதான் எடுக்காளாம். வீட்ல தமிழ், கீழ தெலுங்கு, தண்ணி கேன்காரர்ட்ட ஹிந்தி. மூணையும் போட்டுக் குழப்பியிருக்கோமாம். மார்ச் வரைக்கும் வீட்ல இங்கிலீஷ் மட்டும் பேசச் சொல்லுதாங்க. அப்பவும் சரியாகலேன்னா ஒண்ணாங் கிளாஸ் கிடையாது. இன்னொரு வருஷம் யூகேஜிதான்."

"டீச்சர் யாரு?"

"ஸ்ரீலேகா மிஸ். நல்லவங்கதான். திட்டி ஒண்ணும் சொல்லல. அதான் பயமா இருக்கு."

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு வெண்டைக்காய் வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை.

"கைக்கு இவ்வளவு யோசிக்கறேள்? தமிழை நிறுத்துங்கோ," என்றேன். செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்ததில் எதற்கு என்பதைக் 'கைக்கு' என்பது போல என் தமிழில் ஒன்றிரண்டு ஹைதராபாத் ஹிந்தி ஒட்டிக்கொண்டிருக்கும். "எங்காத்து ஆதர்ஷுக்கு ஆறு வயசுல இதேதான் சொன்னா. அன்னிக்கே நிறுத்தினோம். இன்னிக்குப் பாருங்கோ, புனேல எவ்வளவு பெரிய வேலை."

ஆதர்ஷ் எங்கள் ஒரே மகன். அவனுக்கு இப்போது முப்பத்திரண்டு வயது. வாரம் ஒரு முறை போன் செய்து இங்கிலீஷில் பேசுவான். அதை நான் அன்று துரைராஜிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலையிலிருந்து எட்டு பத்துச் சண்டை இங்கிலீஷுக்கு மாறியது. துரைராஜின் இங்கிலீஷ் லேப் காகிதங்களில் கற்ற இங்கிலீஷ். "ப்ளீஸ் கம் டு திஸ் சைட்," என்றார். "கைண்ட்லி ஹோல்ட் மை ஹேண்ட் ப்ராப்பர்லி." முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது. கௌஷிக்குக்கும் வந்தது. "அப்பா, வை ஆர் யூ டாக்கிங் லைக் எ நோட்டீஸ்?" என்று கேட்டான்.

இரண்டாம் நாள் கௌஷிக் கள்ளனைப் பற்றிக் கேட்டான். துரைராஜ், "டுடே நோ கள்ளன்," என்று சொல்லிவிட்டு, அதில் ஒரு தமிழ் வார்த்தை விழுந்துவிட்டதே என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் பேசியது எல்லாம் கவனம், நில், மெதுவாக, கிராஸ் பண்ணு என்கிற ரகம். பத்து நாளில் பேச்சே நின்றுபோனது. மூன்று பேரும் சாவுக்குப் போகிறவர்கள் மாதிரி நடந்தார்கள். ஹர்ஷிதா மட்டும் வழக்கம் போல முதுகைச் சுற்றி வந்து இடது கையைப் பிடித்துக்கொண்டு, அவ்வப்போது அண்ணாந்து அப்பாவின் வாயைப் பார்த்தாள். இதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா நடக்க முடியவில்லை. நான் கொடுத்த யோசனை ஆயிற்றே.

பேச்சை எப்படியாவது கிளப்ப வேண்டுமே என்றுதான் ஒரு நாள் கேட்டேன். "துரைராஜ், உங்க லேப்ல ஒரு மாத்திரை பெயிலாச்சுன்னா என்ன பண்ணுவேள்? குப்பைல கொட்டிடுவேளா?"

"ஐயையோ, அப்படி உடனே கொட்ட முடியாது மாமி," என்றார். பத்து நாள் கழித்துத் தமிழ் வந்ததில் குரலே மாறியது. "பெயில்னு வந்தா முதல்ல மாத்திரையைச் சந்தேகப்படக் கூடாது. சோதிச்ச ஆளைச் சந்தேகப்படணும். எடை சரியாப் போட்டானா, பாத்திரம் சுத்தமா, மெஷின் ஒழுங்கா ஓடிச்சா. எல்லாத்தையும் ஒண்ணொண்ணா மாத்திப் பாக்கணும். ஒரு தடவைக்கு ஒண்ணுதான் மாத்தணும். நம்ம மேல தப்பு இல்லேன்னு எழுத்துல காட்டின பொறவுதான் மாத்திரை மேல கை வைக்கலாம்."

சொல்லிவிட்டு நின்றுவிட்டார். பின்னால் வந்த பால்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டு விலகிப் போனார்.

"மாமி, பத்து நாளா நான் இங்கிலீஷ்லதான் பேசுதேன்," என்றார் மெதுவாக. "ஒரு தடவை சொன்னாலே கேக்கா. நில்லுன்னா நிக்கா. தமிழ்ல சொன்னப்பவும் அப்படித்தான் கேட்டா. அப்ப க்ளாஸ்ல மட்டும் ஏன் கேக்கல?"

அந்தக் கேள்வி என்னை ஆபீஸ் வரை விரட்டிக்கொண்டு வந்தது. அன்று முழுதும் நான் பார்த்த பைல்கள் எதுவும் மண்டையில் ஏறவில்லை.

மறுநாள் துரைராஜ் ஒரு நீள நோட்டோடு வந்தார். பக்கம் முழுக்கக் கட்டங்கள். தேதி, மொழி, பேசியவர், கேள்வி எத்தனை, பதில் எத்தனை. கடைசியில் இரண்டு கட்டங்கள்: செய்தவர், சரிபார்த்தவர்.

"இது எதுக்கு?" என்று கடைசிக் கட்டத்தைக் காட்டிக் கேட்டேன்.

"செஞ்சவனே சரின்னு சொல்லிக்கிடக் கூடாது மாமி. இன்னொரு ஆள் பாத்துக் கையெழுத்துப் போடணும். நீங்கதான் போடணும்."

முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் ஆயிரம் காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இவ்வளவு ஆசையாக எதிலும் போட்டதில்லை. முதல் நாள் தமிழில் பத்துக் கேள்வி: அந்தப் பைக் என்ன நிறம், இந்த வீட்டுக் கேட் திறந்திருக்கா, மூடியிருக்கா. ஹர்ஷிதா தெலுங்கில் ஒன்பதுக்குப் பதில் சொன்னாள். இரண்டாம் நாள் இங்கிலீஷ், அதிலும் ஒன்பது. மூன்றாம் நாள் தெலுங்கு, பத்துக்குப் பத்து. நோட்டில் அவசரத்தில் ஒரு எண்ணைத் தப்பாக எழுதினார். அடித்துக் கிறுக்கவில்லை, குறுக்கே ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, தேதியும் போட்டார். லேபில் அதுதான் முறையாம். தப்பு நடந்தது தெரிய வேண்டுமாம்.

"பாஷை இல்லை மாமி," என்றார். முகம் தெளியவில்லை. "பாஷை இல்லேன்னா வேற என்னத்தை மாத்திப் பாக்க? தினம் ஒரே தெரு, ஒரே நேரம், ஒரே ஆளு."

"ஒரே பக்கம்," என்றேன்.

இத்தனை மாதமாக நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. மூன்று நாளும் அவள் இடது பக்கமாகவே நடந்திருந்தாள். துரைராஜ் என்னைப் பார்த்தார், பிறகு குனிந்து தன் இடது கையைப் பார்த்தார்.

அவளை வலது பக்கம் வரவைப்பது எப்படி என்பதுதான் அடுத்த சிக்கல். கெஞ்சினால் நடக்காது. நான் ஒரு வழி சொன்னேன். நாலாம் நாள் நான் சுவரை ஒட்டி நடந்தேன், துரைராஜ் தெருப் பக்கம் நடந்தார், அவளை எங்கள் இருவருக்கும் நடுவில் வரச் சொன்னோம். சண்டையே இல்லை. உடனே வந்து, வலது கையால் என் இடது கையையும் இடது கையால் அப்பாவின் வலது கையையும் பிடித்துக்கொண்டாள். அத்தனை நாள் பிடிக்க மறுத்த வலது கை அது.

இருவரும் மாறி மாறிக் கேட்டோம். நான் கேட்ட பத்துக்கும் பதில் வந்தது. அப்பா கேட்டபோது நேராகப் பார்த்து நடந்தாள். அவர் மறுபடி கேட்டார். ஒரு லாரி உறுமிக்கொண்டு போனது. அவள் என்னை அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். தெரு கொஞ்சம் அமைதியாக இருந்த இடத்தில் இரண்டு தடவை மட்டும் அவர் பக்கம் திரும்பினாள். நான் தமிழில் கேட்டேன், தெலுங்கில் கேட்டேன், இங்கிலீஷில் கேட்டேன், எல்லாவற்றுக்கும் பதில். அவர் மூன்று மொழியிலும் கேட்டார். பத்துக்கு இரண்டுதான்.

எட்டரை பஸ் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. டிரைவர் வேகத்தைக் குறைத்து என்னைப் பார்த்தார். போங்கள் என்று கையைக் காட்டினேன்.

துரைராஜ் அந்தக் கட்டத்தில் 2 என்று எழுதினார். "மாமி," என்றார், "இந்தப் பக்கம் காது கேக்கலையா இவளுக்கு?"

அவர் அதைச் சொன்னதும் என் கை கழுத்துச் சங்கிலிக்குப் போனது. காரணம் உண்டு. போன ஆவணியில் ஹர்ஷிதாவுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து கன்னம் இரண்டும் பன் மாதிரி உப்பியிருந்தது. பொன் போட்டால் வடியும் என்று நம் வீடுகளில் வழக்கம் அல்லவா, ப்ரியாவின் சங்கிலி மெல்லிசு என்று என்னுடைய ரெட்டை வடச் சங்கிலியைக் கொண்டுபோய் அவள் கழுத்தில் நானேதான் போட்டேன். பத்து நாளில் வீக்கம் வடிந்தது. என் சங்கிலி கனமானது, அதனால் சீக்கிரம் வடிந்தது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வடிந்த பிறகு ஒரு தரம் காதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

காது டாக்டர் அவளை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார். வலது காதுக்குக் கை தூங்காமல் எழுந்துகொண்டே இருந்தது. இடது காதுக்கு மடியிலேயே கிடந்தது. பொன்னுக்கு வீங்கி சில பிள்ளைகளுக்கு ஒரு காதை எடுத்துக்கொண்டு போய்விடும் என்றார் டாக்டர். போனது போனதுதான், திரும்பாது. வலது காது பழுதில்லாமல் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு அவள் எதுவும் படிக்கலாம், எங்கேயும் போகலாம். வகுப்பில் டீச்சரின் குரல் வலது பக்கம் விழும்படி உட்கார வையுங்கள், அவ்வளவுதான் என்றார். வீட்டில் யாருக்கும் தெரியாமல் போனது அதிசயம் இல்லையாம். சத்தமில்லாத அறையில் ஒரு காதே போதும்.

ப்ரியா அங்கேயே அழுதுவிட்டாள். அழுகைக்கு நடுவில் மகளைக் கேட்டாள், "ஏண்டி, இந்தக் காது கேக்கலைன்னு அம்மாட்ட ஏன் சொல்லல?"

ஹர்ஷிதா யோசித்துப் பதில் சொன்னாள். எல்லோருக்கும் ஒரு காதுதான் கேட்கும் என்று நினைத்தாளாம். இன்னொன்று கம்மல் போட.

இதைத் துரைராஜ் என்னிடம் மறுநாள் சொன்னபோது சிரிக்க முயன்றார். நான் முயலவில்லை. கேட்கிற காதை அப்பா பக்கம் வைத்துக்கொள்வதற்காகத்தான் அந்தக் குழந்தை ஐந்து மாதமாக லாரிகளை ஒட்டி நடந்திருக்கிறது. அதற்கு நாங்கள் வைத்த பெயர் அடம்.

பள்ளியில் ஸ்ரீலேகா மிஸ் டாக்டரின் காகிதத்தை இரண்டு தடவை படித்தாராம். பிறகு எழுந்து போய் வகுப்பைத் துரைராஜுக்குக் காட்டினாராம். ஹர்ஷிதாவின் இடம் வலது கோடியில், தெருவைப் பார்த்த ஜன்னலோரம். நல்ல காது முழுக்க ஹார்ன் சத்தத்துக்கு, கேட்காத காது டீச்சருக்கு. அன்றே அவளை இடது கோடிக்கு மாற்றினார். மூன்றாம் வாரம் டைரியில் ஒரு குறிப்பு வந்தது: முதல் ஆளாகக் கை தூக்குகிறாள், வாய் ஓயாமல் பேசுகிறாள், கொஞ்சம் குறைக்கச் சொல்லவும். கீழே இன்னொரு வரி, ஒன்றாம் வகுப்புக்கு அனுப்புகிறோம். வீட்டில் தமிழ் பேசுங்கள் என்று வாயாலும் சொன்னாராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆதர்ஷ் போன் செய்தான். அவனுக்குக் காதில் ஒரு குறையும் கிடையாது. டீச்சர் ஒருத்தி சொன்னாள் என்று, ஏன் எதற்கு என்று ஒரு நாள்கூடக் கேட்காமல், இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அவனோடு நான் என் பாஷையை நிறுத்தினேன். ஊர் விஷயத்துக்கெல்லாம் மூக்கை நீட்டுகிறவள், என் பிள்ளை விஷயத்தில் ஒரு கேள்வி கேட்கவில்லை. போனை வைத்த பிறகு மிகவும் வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை கள்ளன் திரும்பி வந்துவிட்டான். ஒரு மாத லீவில் ஊருக்குப் போயிருந்தானாம். நடக்கிற முறையையும் துரைராஜ் மாற்றிவிட்டார். மாநகராட்சி ஆபீஸுக்கு நாலு தடவை நடந்து, டாங்கரையும் பைக்குகளையும் காலை ஒரு மணி நேரம் நகர்த்தவைத்து, இப்போது தெருவின் இடது ஓரமாகவே போகிறார்கள். அவள் அவருடைய இடது பக்கம், சுவரை ஒட்டி. சண்டைக்கு வேலையில்லை.

பஸ் நிற்கிற இடத்தில் அவர் நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தார். விசாரணை முடிந்தால் முடிந்தது என்று எழுத வேண்டுமாம். என்ன நடந்தது என்பதன் கீழே, 'ஹர்ஷிதா பதில் சொல்லவில்லை என்று புகார்' என்று எழுதியிருந்தார். காரணம் என்ற இடத்தில், 'சோதித்தவர் பிழை. பிள்ளையிடம் பிழை இல்லை.' செய்தவர் கட்டத்தில் துரைராஜ் என்று கையெழுத்து.

பேனாவை என்னிடம் நீட்டினார். வாங்கி, அவர் பெயருக்குக் கீழே பகவதி என்று போட்டேன்.

"மாமி, கட்டம் மாறிப் போட்டுட்டீங்க. சரிபார்த்தவர் இங்கன இருக்கு."

"மாறலை," என்றேன். "தமிழை நிறுத்தச் சொன்னது நான். சங்கிலியைப் போட்டுட்டு டமாரம் அடிச்சதும் நான்."

அவர் அந்த இரண்டு கையெழுத்துகளையும் பார்த்தார். "அப்ப நீங்க சரிபாக்கக் கூடாது. தப்புல பங்குள்ளவங்க போட்டா செல்லாது." கௌஷிக்கைப் பார்த்தார். தானும் போடக் கூடாது என்று அவன் தலையை ஆட்டினான். தங்கையைச் செவிடி என்று முன்பு இரண்டு தடவை விளையாட்டாகச் சொன்னதாக அவனே ஒப்புக்கொண்டான்.

மிச்சம் ஒருத்திதான் இருந்தாள். துரைராஜ் அவள் வலது பக்கம் போய்க் குந்தி உட்கார்ந்து, நோட்டை முழங்காலில் வைத்துக் காட்டினார். "நாங்க எல்லாரும் உன்கிட்டத் தப்பு பண்ணிட்டோம்னு இதுல எழுதியிருக்கு. சரிதானான்னு பாத்து நீ கையெழுத்துப் போடணும்."

அவள் படிக்கத் தெரியாத அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். பேனாவை முழுக் கையால் பிடித்துக்கொண்டு, கட்டத்தை விட்டு வெளியே வழிய, இங்கிலீஷ் எழுத்துகளில் தன் பெயரை எழுதினாள். எழுதி முடித்தும் பேனாவைக் கொடுக்கவில்லை. எங்கள் இரண்டு பேர் கையெழுத்துக்கும் பக்கத்தில், நல்ல பிள்ளைகளின் நோட்டில் மிஸ் போடுவது போல, ஆளுக்கொரு நட்சத்திரம் போட்டாள்.

நோட்டில் அதிகப்படியாக ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது, இருந்தால் குறுக்கே கோடு போட்டுத் தேதி எழுத வேண்டும் என்பது அவர்கள் லேப் விதி. துரைராஜ் பேனாவை வாங்கி மூடிச் சட்டைப்பையில் செருகினார். எழுந்து, இடது கையை நீட்டினார்.